பெயர் போயிற்று, மீனும் போகின்றது!

ஒரு பொருளைக் காக்க விரும்புவோன் முதற்கண் அதன் பெயரை அறிதல் வேண்டும். பெயரை இழந்த பொருள் தன்னைக் காப்பாரையும் இழக்கும். இதனை நாம் ஊர்ப்பெயர்க்கும் ஆட்பெயர்க்கும் கடைப்பெயர்க்கும் பொருத்திக் கூறும்பொழுதெல்லாம், "பெயர் எதுவானால் என்ன, பொருள் இருந்தாற் போதாதா?" என்று நகைப்பார் உளர். அவர்க்கெல்லாம் இத்திங்கள் ஒரு மீனைக்கொண்டே விடை கூறுவோம்.

அம்மீன் காவிரியில் வாழ்வது. காவிரிப் படுகையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. அதனைப் பெயர் பிறழ அறிந்த அரசுகளும், அதனை விரும்பித் தூண்டிலிட்ட செல்வர்களும், விலங்கு காக்க எழுந்த சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குச் செய்தனவற்றை எண்ணிப் பார்ப்பின், பெயரறியாமை எத்துணைப் பெரிய கேடு என்பது தெற்றென விளங்கும்.

காவிரியின் மாமீன்

கெண்டை இனத்து மீன்களுள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று இம்மீன். முதுகில் காளையின் திமில் போன்றதொரு மேடு. பெரிய பெரிய செதில்கள். செம்மஞ்சள் நிறமான துடுப்புகள். பாறைகளுக்கிடையே விரைந்தோடும் நீரும், அப்பாறைகளின் அடியிலுள்ள ஆழ்மடுக்களும் இதன் வாழிடம். 1946-ஆம் ஆண்டில், காவிரியின் கிளையாறாகிய கபினியில் தூண்டிலிற் சிக்கிய மீனொன்று 120 பவுண்டு எடை இருந்தது. ஏறத்தாழ 54 கிலோ! உழைத்து உரமேறிய ஆள் ஒருவனின் எடை அது. இன்றும் உலகெங்கும் உள்ள தூண்டிலர் அவ்வெடையை வியந்து பேசுகின்றனர்.

ஆங்கிலேயர் இதனை 'மகசீர்' என்றனர். வடநாட்டு வழக்கிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. இமயமலை ஆறுகள் முதல் தென்னாட்டு ஆறுகள் வரை வாழும், தம்முள் உறவுடைய ஆனால் வெவ்வேறான பல மீன்களுக்கு அவ்வொரு சொல்லே ஒட்டப்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டு மீன்களைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில அறிஞர்கள், தமிழர் வழக்கில் 'பூமீன் கெண்டை' என்னும் பெயர் இருத்தலையும் குறித்து வைத்தனர். அப்பெயர் ஏட்டளவில் நின்றுவிட்டது. இன்று தமிழில் எழுதுவோரும் மகசீர் என்றே எழுதுகின்றனர்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுதல் வேண்டும். பூமீன் கெண்டை என்பதும் பொதுப்பெயரே. காவிரிக்கே உரிய இம்மீனை வேறுபிரித்துக் காட்டுதற்கு அதுவும் போதாது. ஆகையால் இக்கட்டுரையில் இதனைத் திமிற்கெண்டை என்று குறிப்போம். கண்ணாற் கண்ட அளவில் எவரும் அறியக்கூடிய அடையாளத்தைக் கொண்டு வைத்த பெயர் அது.

அறிவியலார் இட்ட பெயரேனும் சரியாக இருந்ததா எனின், அதுவும் இல்லை. 1839-இல் சைக்சு என்னும் ஆங்கிலேயர், கிருட்டிணை ஆற்றுப் படுகையில் கண்ட வேறொரு மீனுக்கு இட்ட பெயரையே நெடுங்காலம் இத் திமிற்கெண்டைக்கு இட்டு வழங்கினர். 2007-இல், கேரளத்தின் பாம்பாற்றில் கண்ட ஒரு மீனைப் புதிய இனமாக அறிவித்து, நம் சென்னையில் மீனாராய்ச்சி செய்த அம்மையார் ஒருவரைச் சிறப்பிக்க 'இரெமாதேவி' என்னும் அறிவியற்பெயரை அதற்கு இட்டனர். அப்பாம்பாறு அமராவதியிற் சேர்வது. அமராவதியோ, சங்கச் சான்றோர் ஆன்பொருநை என்று போற்றிய ஆறு, காவிரியிற் கலப்பது. பாம்பாற்றிற் கண்ட அச்சிறு மீனும், காவிரியில் உலகப் புகழ்பெற்ற திமிற்கெண்டையும் ஒரே இனம் என்பது, நம் மோயாற்றிற் கிடைத்த மீன்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னர், 2018-இல்தான் நிறுவப்பெற்றது.

அவ்வாண்டிலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. தன் பெயரைப் பெற்ற ஆண்டே சாவுப் பட்டியலிலும் ஏறிய மீன் இது. இதனினும் இரங்கத்தக்க வரலாறு வேறொன்று உண்டோ?

தூண்டிலும் அரசும்

பொழுதுபோக்கிற்காகத் தூண்டிலிடுதல் நம் நாட்டில் ஆங்கிலேயரால் ஓர் ஒழுங்காக அமைக்கப்பெற்றது. சென்னை ஆட்சிப்பணியில் இருந்த தாமசு என்பார், இந்நாட்டில் தூண்டிலிடும் முறைபற்றி 1873-இல் ஒரு முழுநூலே எழுதி வெளியிட்டார். 1879-இல் நீலமலைக்கென்று வேட்டை விலங்கு, மீன் காப்புச் சட்டம் ஒன்று சென்னை அரசால் இயற்றப்பெற்றது. அம்மலையின் குளிர்ந்த ஓடைகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அயல்நாட்டு 'திரவுட்டு' மீனைக் கொணர்ந்து வளர்த்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் வைத்தனர். தம் பொழுதுபோக்கிற்கு வேண்டிய மீனை எங்கிருந்தேனும் கொணர்ந்து, அதற்குக் காவலும் இட்டனர் அவர்கள். இந்நாட்டு ஆறுகளுக்கே உரிய மீன்மீது அவ்வளவு அக்கறை இல்லை.

ஆயினும் அவர்கள் ஆட்சியில் விளைந்த ஒரு நன்மையை மறைத்தல் கூடாது. 1897-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம், நீர்நிலைகளில் வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்லுதலைக் குற்றமாக்கிற்று. ஒரு வெடி வெடித்தால் அம்மடுவில் உள்ள பெருமீனும் குஞ்சும் முட்டையும் ஒருங்கே மடியும். கரையேறுவது சில, அடியில் அமிழ்ந்து அழுகுவது பல. தூண்டிலோ ஒரு பொழுதில் ஒரு மீனையே எடுக்கும். இவ்வேறுபாட்டை அவ்வெள்ளைக்காரச் சட்டம் அறிந்திருந்தது. விடுதலைக்குப் பின் நாமே இயற்றிக்கொண்ட சட்டம் அதனை மறந்த கதையைப் பின்னர்க் காண்போம்.

1930-களின் முற்பகுதியில் மேலே கண்ணம்பாடியும் கீழே மேட்டூரும் காவிரியைக் குறுக்கே மறித்தன. உழவர்க்கு அவை வாழ்வளித்தன. அதனை மறுப்பார் யாருமிலர். ஆயின் முட்டையிட ஆற்றை எதிர்த்தேறும் மீனுக்கு அவை கற்சுவர். இரண்டு அணைகளுக்கும் இடைப்பட்ட காட்டாற்றுப் பகுதி ஒன்றே திமிற்கெண்டைக்குப் பெரும்புகலாய் எஞ்சிற்று. அங்கும் வெடிவைப்போர் புகுந்தனர். ஆங்கிலேயர் அகன்றபின் இம்மாமீன் அற்றே போயிற்று என்று வெளியுலகம் கருதியிருந்த நிலையில், 1977, 1978-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டிலர் மூவர், காவிரியில் அஃது இன்னும் பெருவடிவோடு வாழ்தலை உலகிற்கு உணர்த்தினர்.

அதன்பின் கருநாடகத்தில், பீமேசுவரி, தொட்டமக்களி, கலிபோரே ஆகிய காட்டுத்துறைகளில் தூண்டிற் பாசறைகள் அமைந்தன. வெளிநாட்டாரும் பெங்களூர்ச் செல்வரும் கட்டணஞ் செலுத்தி வந்தனர். பிடித்த மீனை எடைபார்த்து மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கு முறை. முன்னர் வெடிவைத்தும் வலைவிரித்தும் களவாக மீன்பிடித்த ஊர்மக்களுள் சிலர், அப்பாசறைகளிலேயே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தப்பெற்றனர். எந்தக் கை வெடியை எறிந்ததோ அந்தக் கையே மீனைக் காத்தது. கரணியம் எளியது: இறந்த மீனை ஒருமுறைதான் விற்கலாம், உயிருள்ள மீனோ ஆண்டுதோறும் கூலி கொடுக்கும்.

ஒரே பெயர், வேறு மீன்

இவ்வளவும் நன்றே. ஆயின் இந்நன்மைக்குள்ளேயே ஒரு பெருந்தீமை முளைத்திருந்தது.

மகசீர் அருகிவிட்டது, ஆகவே மகசீர்க் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுவோம் என்று 1970-களிற் கருதினர். மராட்டியத்தின் உலோனாவாலாவில் ஒரு மின்னாக்க நிறுவனம் நடத்திய பண்ணையில் மகசீர்க் குஞ்சுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவை காவிரியில் விடப்பெற்றன. பின்னர்க் கருநாடக மீன்வளத்துறையும் குஞ்சு வளர்த்து விட்டது. தூண்டிற் கழகத்தாரும் மகிழ்ந்து துணைநின்றனர். மீன்காப்பின் வெற்றி என்று இதழ்களும் பாராட்டின.

அந்த மகசீர் எந்த மகசீர்? கேட்டவர் யார்?

அது கிருட்டிணைப் படுகைக்குரிய நீலத்துடுப்புக் கெண்டை. முதுகில் திமில் இல்லை. துடுப்பு செம்மஞ்சள் நிறமன்று, நீலச்சாம்பல் நிறம். இரண்டையும் அருகருகே வைத்தால் சிறுபிள்ளையும் வேறென்று சொல்லும். ஆயின் அரசின் கோப்பிலும் கழகத்தின் குறிப்பேட்டிலும் இரண்டும் மகசீரே. பெயர் ஒன்றாயிருந்தமையால் பொருளும் ஒன்றென்று கொண்டனர்.

விளைவு என்ன? கலிபோரே பாசறையில் 1998 முதல் 2012 வரை தூண்டிலர் எழுதிவைத்த கணக்கை ஆராய்ந்து, 2015-இல் அறிவியலார் வெளியிட்டனர். அவ்வாண்டுகளில் பிடிபட்ட மகசீர்களின் தொகை ஏறிக்கொண்டே சென்றது. தொகையை மட்டும் பார்த்தவர் மகிழ்ந்திருப்பர். பிரித்துப் பார்த்தபொழுதோ, பெருகியது நீலத்துடுப்பு; அருகி அருகி இல்லாமற் போகும் நிலையை அடைந்தது திமிற்கெண்டை. வந்தேறி பெருகப் பெருக, மண்ணின் மீன் தேய்ந்தது. மகசீர் காக்கப்பட்டது என்னும் வெற்றிமுழக்கத்தின் நடுவே, காக்கப்பட வேண்டிய மகசீர் எவரும் அறியாமல் மறைந்துகொண்டிருந்தது!

இக்கேட்டைச் செய்தவர் பகைவர் அல்லர். அம்மீன்மேல் அன்புகொண்டவர்களே. அன்பு இருந்தது, பெயரறிவு இல்லை. அதுவே குற்றம்.

நம் பக்கத்திலும் இத்தகைய மயக்கம் இல்லாமல் இல்லை. 1952-இல் ஆப்பிரிக்காவிற்குரிய மீனொன்றை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். விரைவில் பெருகும், ஏழைக்கு உணவாகும் என்று கூறி ஏரிகளிலும் அணைகளிலும் விட்டனர். அதற்கு இன்று நம் சந்தைகளில் வழங்கும் பெயர் என்ன? சிலேபிக் கெண்டை! அது கெண்டை இனமே அன்று. ஆயினும் கெண்டை என்னும் நம் பெயரைப் போர்த்துக்கொண்டு நம் நீர்நிலைகளிலெல்லாம் நிறைந்துவிட்டது. உண்மையான நாட்டுக் கெண்டைகள் பலவற்றின் பெயரை நம் பிள்ளைகள் அறியார். பாண்டியன் கொடியிற் பொறித்த கயலைப் படத்திற் காட்டினால், எத்தனை மாணவர் அதனை ஆற்றிற் காட்டுவர்?

சட்டத்தின் சொல்

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1972-இல் நாடாளுமன்றம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதில் விலங்கு என்னும் சொல்லுக்குக் கூறிய பொருளில் அன்று மீன் இல்லை. 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் மீனும் விலங்காயிற்று. வேட்டை என்பதற்கு அச்சட்டம் கூறும் பொருளோ மிக விரிந்தது: கொல்லுதல், பிடித்தல், நஞ்சிடுதல், கண்ணியிடுதல், பொறிவைத்தல், இவற்றுக்கு முயலுதல் அனைத்தும் வேட்டையே.

கலிபோரே முதலிய துறைகள், கருநாடகம் 1987-இல் அறிவித்த காவிரிக் காட்டுயிர்ப் புகலிடத்துள் அமைந்தவை. ஆகவே, பிடித்து விடுதலும் வேட்டைதான் என்று கொண்டு, தூண்டிலிடுதல் அங்குத் தடுக்கப்பெற்றது. கலிபோரேயின் கணக்கேடு 2012-ஆம் ஆண்டோடு முற்றுப்பெற்றது.

சட்டத்தை மீறுக என்று நாம் கூறவில்லை. புகலிடத்துள் பொழுதுபோக்கு வேண்டா என்பாரின் கருத்திலும் நயன் உண்டு. ஆயின் நாம் கேட்பது இது: ஆற்றில் மீன்பிடிப்பார் ஒரே வகையினரா? பரிசலில் வலைவீசி அன்றன்றைக்குச் சோறு தேடும் மீனவன் ஒருவன். ஒரு மீனைப் பிடித்து, அளந்து, எழுதி, மீண்டும் விடுபவன் ஒருவன். இரவில் வெடியெறிந்து மடு முழுதையும் கொன்று, கையிற் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடுபவன் ஒருவன். இம்மூவரையும் வேட்டைக்காரன் என்னும் ஒரு பெயராற் சுட்டுவது அறிவா? வெவ்வேறு மீன்களை ஒரு பெயருள் அடைத்ததால் மீன் கெட்டது. வெவ்வேறு மாந்தரை ஒரு பெயருள் அடைத்ததால் காவல் கெட்டது.

தடையாணைக்கு அஞ்சி விலகியவர் யார்? பகலில் வந்து, கட்டணம் கட்டி, பெயரெழுதிக் கையொப்பமிட்ட தூண்டிலர். அஞ்சாதவர் யார்? இரவில் வந்து பெயரெழுதாமற் செல்பவர். 1897 முதலே குற்றவாளியான அவருக்கு, புதிதாய் ஒரு தடை என்ன செய்யும்? தூண்டிலர் அகன்றபோது அவர் கொடுத்த கூலியும் அகன்றது, அக்கூலியால் நின்ற கரைக்காவலும் அகன்றது, கணக்கும் நின்றது. 2013-இலேயே ஆய்வாளர் சிலர், பொழுதுபோக்குத் தூண்டிலால் இம்மீன்களுக்கு விளைந்த நன்மையை எடுத்துக்கூறி எச்சரித்தனர். கேட்டவர் இலர்.

பிலிகுண்டுலுவில் காவிரி நீர் நாள்தோறும் அளக்கப்படுகின்றது. 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு வகுத்த 17,725 கோடிக் கனஅடியில் ஒரு துளி குறையினும் நாம் கிளர்ந்தெழுகின்றோம், எழவும் வேண்டும். ஆயின் அந்நீரில் வாழும் மீனை அளப்பார் எவருமிலர்.

மாற்றார் கூற்று

இதற்கு மறுப்பாக இருவகைக் கூற்றுகள் எழும். இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல.

முதற்கூற்று: "உண்பதற்கன்றி, விளையாட்டிற்காக ஓர் உயிரின் வாயில் முள்ளேற்றி இழுப்பது தமிழர் அறத்திற்கு ஒக்குமா?" என்பது. ஒவ்வாது என்றே நாமும் நினைக்கின்றோம். கொல்லாமையைத் தனி அதிகாரத்தில் வைத்துப் போற்றிய வள்ளுவர் வழிவந்தோர்க்கு, பிற உயிரின் துன்பம் இன்பமாகத் தோன்றுதல் கூடாது. ஆயின் அறநோக்கோடு எடைபோடும்போது முழுதையும் எடைபோடல் வேண்டும். எதிர்முள் இல்லாத தூண்டிலாற் பிடித்து, நீரைவிட்டு நெடுநேரம் எடுக்காமல் விடப்பெறும் மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றது. காவிரியின் நீலத்துடுப்புக் கெண்டையை வைத்துச் செய்த ஆய்வும் அவ்வாறே காட்டிற்று. வெடியில் அகப்பட்ட மீனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சில மீன்களுக்குச் சிறு துன்பமா, ஓர் இனத்திற்கே முடிவா என்னும் இரண்டனுள், சிறு துன்பத்தை ஒழுங்குக்குட்படுத்தி ஏற்பதே அறம். முழுத்தூய்மை வேண்டுவோர், தூண்டிலர் தந்த காவலுக்கு ஈடான காவலை முதலில் அமைத்துவிட்டுத் தூண்டிலை ஒழிக்கட்டும். நாம் தடுக்கமாட்டோம்.

இரண்டாம் கூற்று: "இது செல்வர் விளையாட்டு. வழிவழியாக மீன்பிடித்த ஏழையைத் துரத்திவிட்டுப் பணக்காரனுக்கு ஆற்றை விடுவதா?" என்பது. இது மிகமிக இன்றியமையாத கேள்வி. ஆங்கிலேயர் காலத்தில் நடந்தது அதுவே. அவ்வாறு மீண்டும் நடக்குமாயின் அதனை எதிர்ப்பாரின் முன்வரிசையில் நாமும் நிற்போம். தூண்டிலரின் பணம் பெருநகரத்து விடுதிக்காரனுக்குச் செல்லுதல் கூடாது. கரையோர ஊருக்கே செல்லுதல் வேண்டும். பரிசல்காரரும் மீனவரும் கைகட்டி நிற்கும் ஏவலராக அன்றி, அத்துறைக்கு உரிமையுடையோராக அமர்தல் வேண்டும். அன்றேல் அத்திட்டமே வேண்டா.

நம் கையில் உள்ளது

கருநாடகத்தில் நிகழ்ந்ததை இவ்வளவு விரித்தது, பிறர் குற்றம் கூறி மகிழ்வதற்கன்று. அதே தேர்வு இன்று நம் வாயிலில் நிற்கின்றது. திமிற்கெண்டை எஞ்சியுள்ள இடங்கள் சிலவே; அவற்றுள் ஒன்று மோயாறு. அது முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டி ஓடிப் பவானியிற் கலக்கும் நம் ஆறு. கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2014-இல் காவிரி வடக்குப் புகலிடத்தையும் 2022-இல் காவிரி தெற்குப் புகலிடத்தையும் தமிழ்நாட்டரசு அறிவித்துள்ளது. எல்லையோடும் காவிரியின் இக்கரை நம் காவலில் உள்ளது. மேலே மேக்கேதாட்டு அணை எழுமாயின், காவிரிக் காட்டுயிர்ப் புகலிடத்தின் ஒரு பகுதி நீரில் மூழ்கும்; அந்நிலையில் நம் பகுதியில் எஞ்சும் மீனின் மதிப்பு இன்னும் பன்மடங்காகும்.

"சட்டம் தில்லியினுடையது, நாம் என்செய்வோம்?" என்று நம் அரசு கூறித் தப்பித்தல் இயலாது. காட்டுயிர்க் காப்பு, 1976-இல் நெருக்கடி நிலையின்போது மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் பறித்துச் செல்லப்பெற்றது உண்மை. ஆயின் மீன்பிடி இன்றளவும் மாநிலப் பட்டியலிலேயே உள்ளது. புகலிடத்துக்கு வெளியே ஓடும் ஆறு முழுதும் நம் அரசின் ஆணைக்குட்பட்டது. புகலிடத்துள்ளும், ஆராய்ச்சிக்கும் காட்டுயிரின் நலத்திற்கும் சிறப்பிசைவு வழங்கச் சட்டத்திலேயே வழியுண்டு. உள்ள உரிமையைப் பயன்படுத்தாதவன் இல்லாத உரிமைக்கு அழுவது அழகாகாது.

ஆகவே தமிழ்நாட்டரசு செய்ய வேண்டுவன இவை:

முதலாவது, காவிரி, பவானி, மோயாறு, அமராவதி ஆகிய ஆறுகளிலும் அவற்றின் அணைகளிலும், பிற படுகைக்குரிய மகசீர் எதனையும் விடுதலை உடனே தடுத்தல் வேண்டும். குஞ்சு விடுவதாயின் இவ்வாற்றுத் திமிற்கெண்டையின் குஞ்சையே, தாய்மீனின் பிறப்பிடமறிந்து விடுதல் வேண்டும்.

இரண்டாவது, மீன்பிடி விதிகளில் பிழைப்புக்கு வலைவீசுவோர், பொழுதுபோக்கிற்குத் தூண்டிலிடுவோர், வெடியாலும் நஞ்சாலும் கொல்வோர் ஆகிய மூவரையும் வேறுபிரித்தல் வேண்டும். முதல்வர்க்கு உரிமை, இரண்டாமவர்க்கு உரிமம், மூன்றாமவர்க்குச் சிறை.

மூன்றாவது, தூண்டில் உரிமம் புகலிடத்துக்கு வெளியே, வரையறுத்த துறைகளில் மட்டும் வழங்கப்பெறல் வேண்டும். எதிர்முள் இல்லாத தூண்டில், முட்டையிடும் பருவத்தில் முழு ஓய்வு, பிடித்த நாட்டுமீனை விடுதல், ஒவ்வொரு மீனையும் இனம் பிரித்துக் கணக்கெழுதி ஒப்படைத்தல் ஆகியன கட்டாயமாதல் வேண்டும். திமிற்கெண்டையைக் குறிவைத்துத் தூண்டிலிடுதல் கூடாது. தற்செயலாய்ச் சிக்கின், நீரைவிட்டு எடாமலே விடுவித்தல் வேண்டும். கணக்கு எழுதாதவனுக்கு மறு ஆண்டு உரிமம் இல்லை.

நான்காவது, அவ்வுரிமக் கட்டணம் அரசுக் கருவூலத்துட் சென்று மறையாமல், கரையோர ஊர்களின் ஆற்றுக் காவலர் கூலிக்கே ஒதுக்கப்பெறல் வேண்டும். புகலிடத்துள் ஆண்டுதோறும் மீன்கணக்கெடுப்பு அறிவியலார் தலைமையில், அவ்வூர்க் கைகளைக் கொண்டே நடைபெறல் வேண்டும்.

ஐந்தாவது, இவை அனைத்துக்கும் அடிப்படையானது: மீனின் பெயர். அரசாணையிலும், துறைப் பலகையிலும், பள்ளிப் பாடநூலிலும் திமிற்கெண்டை வேறு, நீலத்துடுப்பு வேறு என்று படத்தோடும் தமிழ்ப் பெயரோடும் எழுதி வைத்தல் வேண்டும். நாம் இட்ட பெயரினும் நல்ல பெயர் மோயாற்றங்கரைப் பழங்குடிகளிடமோ ஒகேனக்கற் பரிசல்காரரிடமோ இருக்குமாயின், அதனைக் கேட்டு அதனையே வைக்கட்டும். அதனினும் நமக்கு உவப்பானது வேறில்லை.

அன்பர்காள்! மொழிக்காப்பு வேறு, மண்காப்பு வேறு என்று எண்ணற்க. சொல் அழிந்த இடத்தில் அச்சொல் காட்டிய பொருளும் அழியும். பொருள் அழிந்தபின் சொல்லை மட்டும் அகரமுதலியில் வைத்துக் காப்பதால் யாது பயன்? உங்கள் ஊர் ஆற்றிற்குச் செல்லுங்கள். அங்கு வலைவீசும் முதியவர் அருகில் அமருங்கள். ஒவ்வொரு மீனையும் காட்டி, இதன் பெயர் என்ன, முன்பு எவ்வளவு கிடைத்தது, இப்பொழுது எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டதை ஒரு சுவடியில் எழுதுங்கள். மறுமுறை செல்லும்பொழுது உங்கள் மகனையும் மகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

அப்பெயர்கள் நம் பிள்ளைகளின் நாவில் நிற்குமாயின், அம்மீன்கள் ஆற்றில் நிற்பதற்கு ஒரு வழி பிறக்கும். நாவிலிருந்து அவை போய்விட்டனவேல், அணைநீர் வற்றும் முன்னரே காவிரி நமக்கு வறண்டுவிட்டது என்றே பொருள்.